வைண்டிங்கில் டென்ஷன்: குமிழைக் கடைசியாகத் தொடுங்கள்

மில்லில் நூலைக் கோனாகச் சுற்றும் வைண்டிங் பிரிவில் எந்தத் தொல்லை வந்தாலும் கை முதலில் போவது டென்ஷன் குமிழுக்குத்தான், அதாவது நூலின் இழுப்பை மாற்றும் குமிழுக்கு. கோன் தொளதொளவென்று இருந்தால் ஒரு புள்ளி ஏற்று, நூல் அறுப்பு கூடினால் ஒரு புள்ளி இறக்கு. ஷிப்டுக்கு ஷிப்ட் இப்படி ஏற்றி இறக்கி, கடைசியில் கோனைச் சுழற்றும் டிரம் அறுபது உள்ள மிஷினில் அறுபதும் அறுபது மாதிரி ஓடும். நூல் நூற்கும் ரிங் பிரேமிலிருந்து வரும் காப்பை, அதாவது சிறு குழாயில் சுற்றிய நூலை, கோனாகச் சுற்றும் பிரிவில் பல வருடம் இருந்திருக்கிறேன். டென்ஷன் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குமிழில் இல்லை, நூல் போகும் பாதையில் வேறு எங்கோ இருந்தது. அந்தப் பாதையை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக வைண்டிங்குக்கு வரும் பிட்டர்களும் சூப்பர்வைசர்களும் படித்தால் போதும். பழையவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான்.

குமிழில் தெரியும் எண் டென்ஷன் அல்ல. தட்டை அழுத்தும் ஸ்பிரிங்குக்கோ காற்றுக்கோ காந்தத்துக்கோ நாம் கொடுக்கும் கட்டளை, அவ்வளவுதான். நூல் காப்பை விட்டுக் கிளம்பும்போதே கொஞ்சம் டென்ஷனோடுதான் கிளம்புகிறது. காப்புக்கு மேலே சுழலும் நூலை அடக்கும் பலூன் பிரேக்கரில் உரசுகிறது, கைடில் வளைகிறது, டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நுழைகிறது, நூலில் குறை உள்ள இடத்தைக் கண்டுபிடித்து வெட்டும் கிளியரரைத் தாண்டி மெழுகைத் தொட்டுக்கொண்டு, டிரம்மின் பள்ளத்தில் இடமும் வலமும் ஓடிக் கோனில் படிகிறது. ஒவ்வோர் இடமும் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கிறது.

சேர்க்கிறது என்று சொன்னாலும், பாதி இடங்களில் நடப்பது பெருக்கல். இந்த வித்தியாசம் புரிந்தால் வைண்டிங்கில் பாதி புரிந்த மாதிரி. இரண்டு தட்டுகளுக்கு நடுவே நூல் நேராகப் போனால், தட்டின் அழுத்தத்துக்கும் உராய்வுக்கும் ஏற்ற ஒரு தொகை கூடும். உள்ளே 10 சென்டிநியூட்டன் (ஏறத்தாழ 10 கிராம் எடை இழுக்கும் இழுப்பு) வந்து, தட்டு 15 கூட்டினால் வெளியே 25. உள்ளே வருவது 15 ஆனால் வெளியே 30. ஆனால் நூல் ஒரு குச்சியையோ கைடையோ சுற்றி வளைந்து போகும் இடத்தில், உள்ளே வருவது ஒரு மடங்கால் பெருகும். அந்த மடங்கு உராய்வையும் வளைவின் கோணத்தையும் பொறுத்தது. உராய்வுக் கெழு 0.3 உள்ள நூல் அரைச் சுற்று வளைந்தால் டென்ஷன் சுமார் இரண்டரை மடங்காகும். 10 வந்தால் 25-க்குக் கொஞ்சம் மேல். 15 வந்தால் 38-க்கும் மேல். அடுத்த வளைவில் அதன் மேல் இன்னொரு பெருக்கல். வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான். சீப்பு மாதிரிப் பல குச்சிகள் வைத்த டென்ஷனர் இந்த வகை. சீராக வரும் நூலுக்கு அது நல்லது, மென்மையாகவும் பிடிக்கும். ஏற்ற இறக்கத்தோடு வரும் நூலுக்கு அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுத்துவிடும். தட்டு வகை அதைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. அப்படியே மேலே அனுப்பிவிடும். ஆக, உள்ளே வரும்போதே சீராக இல்லாத நூலை வழியில் எந்த டென்ஷனராலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. சென்சாரோடு தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் மிஷின்கள் ஓரளவு செய்யும். அவற்றைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

உள்ளே வரும் நூல் என்றால் காப். வைண்டிங்காரர்கள் அதிகம் பார்க்காத இடமும் அதுதான்.

காப்பின் நுனி வழியாக நூல் மேலே உருவப்படும்போது அது சுழன்று பலூன் போடும். அந்தப் பலூனின் டென்ஷன் நூலின் எடையோடும் வேகத்தின் இருமடியோடும் ஏறும். 30-ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 19.7 டெக்ஸ், அதாவது ஆயிரம் மீட்டருக்கு 19.7 கிராம். நிமிடத்துக்கு 1200 மீட்டர் ஓடினால், எடையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி வருவது சுமார் 0.8 சென்டிநியூட்டன். 1500 மீட்டரில் அதுவே 1.2-ஐத் தாண்டிவிடும். வேகம் கால் பங்குதான் கூடியது, பலூன் தரும் இழுப்போ பாதிக்கு மேல் கூடிவிட்டது. இது அடிப்படை அளவு மட்டுமே. உண்மையில் காப்பை விட்டு வரும் டென்ஷன் இதன் சில மடங்கில் ஆரம்பிக்கும். காப் காலியாகக் காலியாக அந்த மடங்கு பெருத்துக்கொண்டே போகும். நூல் கழலும் இடம் கீழே இறங்க இறங்க, அது காப்பின் வெற்றுக் குழாயை உரசிக்கொண்டு ஏற வேண்டிய தூரம் நீளும், பலூனின் வடிவமும் மாறும். காப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் டென்ஷன் எகிறுவதற்கு இதுதான் காரணம். குமிழ் அதே இடத்தில்தான் இருக்கும், நீங்கள் எதையும் தொட்டிருக்க மாட்டீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். மிஷின் கழித்துத் தள்ளும் காப்புகளின் பெட்டியைப் பாருங்கள். ஒரு தடவை அறுப்பு திடீரென்று கூடிவிட்டது. பஞ்சு மாறியதா, முறுக்கு குறைந்ததா என்று ரிங் பிரேம் பக்கம் விசாரணை நடந்துகொண்டிருந்தது. நான் பெட்டியில் இருந்த மிச்சக் காப்புகளை எடுத்து வரிசையாக அடுக்கினேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அடிப்பகுதியில் ஒரே உயரத்தில் நூல் மிச்சம். நூல் பலவீனமாக இருந்தால் அறுப்பு காப்பின் மேலும் நடுவிலும் கீழும் சிதறி இருக்க வேண்டும். எல்லாம் அடியில் என்றால் கழலும் டென்ஷன்தான் குற்றவாளி. போய்ப் பார்த்தால், கவுண்ட், அதாவது நூலின் நம்பர், மாற்றியபோது காப்பின் நீளமும் மாறியிருக்கிறது, பலூன் பிரேக்கரின் உயரத்தை யாரும் மாற்றவில்லை. உயரத்தைச் சரிசெய்து, காப்பின் கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறைக்கும் அமைப்பையும் கொஞ்சம் முன்னதாகவே வேலை செய்யும்படி வைத்தோம். அறுப்பு இறங்கிவிட்டது. டென்ஷன் குமிழை யாரும் தொடவே இல்லை.

காப்பில் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. காப் நிற்கும் பெக்கின் மையமும் மேலே உள்ள கைடின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் பலூன் ஒரு பக்கம் குழாயில் மோதிக்கொண்டே வரும். அந்த டிரம்மில் மட்டும் அறுப்பும், நூலை விட்டு வெளியே நீட்டி நிற்கும் மயிரிழையும் கூடும். குழாயில் கீறல் இருந்தால் விரலால் தடவினாலே தெரியும், அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். காப்பே தளர்வாகக் கட்டப்பட்டிருந்தால் நூல் கொத்தாகச் சரிந்து வந்து டென்ஷனரில் அடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து ரிங் பிரேமில்தான் இருக்கிறது, இங்கே குமிழை இறக்கிப் பயனில்லை. இரண்டு பிரிவுக்கும் நடுவில் நடக்கும் சண்டைகளில் பாதி இதை வைத்துத்தான் நடக்கும். சரிந்த காப்புகளில் நான்கைந்தை எடுத்துக்கொண்டு போய் நேரில் காட்டினால் சண்டை சீக்கிரம் முடியும்.

சரி, எவ்வளவு டென்ஷன் வைப்பது? ஒற்றை நூல் வலுவில் பத்தில் ஒரு பங்கு என்பது மில்களில் வழங்கும் கணக்கு. ஆரம்பிக்க நல்ல இடம்தான். 30-ஆம் நம்பர் பருத்தி நூல், டெக்ஸுக்கு 16 சென்டிநியூட்டன் வலு என்று வைத்துக்கொண்டால், மொத்த வலு 315 சென்டிநியூட்டன் சொச்சம் வரும். பத்தில் ஒரு பங்கு 30-ஐ ஒட்டி. நெசவுப் பாவாக வார்ப்புக்குப் போகும் கோனுக்கு இதை ஒட்டியே வைக்கலாம். பின்னலுக்குப் போவதற்கு இதைவிடக் கீழே. சாயத்துக்குப் போகும் கோனுக்கு இன்னும் கீழே, ஏனென்றால் அங்கே கணக்கு டென்ஷனில் இல்லை, அடர்த்தியில் இருக்கிறது. கன சென்டிமீட்டருக்கு 0.35 முதல் 0.40 கிராம் வரை வர வேண்டும் என்று கேட்பார்கள். அதைவிட இறுகினால் சாயத் தண்ணீர் உள் அடுக்குக்குப் போகாது. தளர்ந்தால் தண்ணீர் ஒரே இடத்தில் வழி கண்டுபிடித்து ஓடிவிடும். அடர்த்தியைக் கை அழுத்திப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களை நம்புவதில்லை. கோனின் அடி விட்டம், மூக்கு விட்டம், உயரம் மூன்றையும் அளந்து கன அளவு போட்டு, வெற்றுக் குழாயின் கன அளவைக் கழித்து, நூலின் எடையை அதால் வகுத்தால் சில நிமிடத்தில் எண் கிடைத்துவிடும்.

இந்த எண்களைவிட முக்கியம், எல்லா டிரம்மும் ஒரே மாதிரி ஓடுவது. அத்தனை டிரம்மும் 27-இல் ஓடினால் கோன் வாங்குபவருக்கு ஒரு தொல்லையும் இருக்காது. பாதி 22-இலும் பாதி 32-இலும் ஓடினால் சராசரி அதே 27 தான், ஆனால் துணியில் பட்டையாகத் தெரியும். இறுக்கிச் சுற்றிய நூல் தன் நீட்சியில் கொஞ்சத்தை அப்போதே இழந்துவிடுகிறது. தளர்வாகச் சுற்றியது இழப்பதில்லை. இரண்டும் ஒரே பின்னல் மிஷினில் அடுத்தடுத்து ஏறினால் அந்த வித்தியாசம் வரிவரியாக வெளியே வரும். அதனால் நான் அளக்கப் போகும்போது எண்ணைவிட இடைவெளியைத்தான் பார்ப்பேன்: எல்லாவற்றிலும் அதிகம் எது, குறைவு எது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். மூன்று உருளை வைத்த கை மீட்டர் எல்லா மில்லிலும் இருக்கும், பெட்டிக்குள் பத்திரமாக. அதை எடுத்தவுடன் முதல் வேலை சரிபார்ப்பு. ஓடப்போகும் அதே நூலில் 100 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டு மீட்டரை அதில் மாட்டினால் 98 சென்டிநியூட்டன் காட்ட வேண்டும். நூலின் தடிமனும் விறைப்பும் மாறினால் மீட்டர் காட்டுவதும் கொஞ்சம் மாறும், அதனால்தான் அதே நூல் என்கிறேன். சிறிய டென்ஷனை அளப்பதாக இருந்தால் 20, 30 கிராம் எடையிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எங்கே அளப்பது. டென்ஷனருக்கும் டிரம்முக்கும் நடுவில், எல்லா டிரம்மிலும் அதே இடத்தில். டிரம்முக்கு மிக அருகில் போனால் நூல் இடம் வலம் ஓடும் ஆட்டம் மீட்டரில் ஏறும். எப்போது அளப்பது என்பது இன்னும் முக்கியம். புதுக் காப் ஏறியவுடன் ஒரு டிரம்மை அளந்து, பக்கத்து டிரம்மில் பாதி காப்பில் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் என்று எழுதிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசம் காப்புடையது, டிரம்முடையது அல்ல. ஒரே டிரம்மில் காப்பின் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று அளவு எடுங்கள். டிரம்முகளை ஒப்பிடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் நடுக் காப்பில் எடுங்கள். முள் ஆடுகிறது என்று சராசரியை மட்டும் எழுதாமல், எவ்வளவு ஆடுகிறது என்றும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நூலை அறுப்பது சராசரி இல்லை, உச்சம்தான்.

அளந்து, தனித்து நிற்கும் டிரம்மைக் கண்டுபிடித்த பிறகும் குமிழுக்குப் போகக்கூடாது. அந்த டிரம்மின் பாதையைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

தட்டுகள் சுழல்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தட்டு சுழல்வதே பஞ்சுத் தூசியை வெளியே தள்ளவும், ஒரே இடத்தில் தேயாமல் இருக்கவும்தான். தட்டுக்குக் கீழே தூசி அடைத்தால் சுழற்சி நின்றுவிடும். நின்ற தட்டில் நூல் ஒரே கோட்டில் ஓடி ஓடி வாய்க்கால் வெட்டிவிடும். வாய்க்கால் விழுந்த தட்டில் எவ்வளவு அழுத்தினாலும் நூலுக்குப் பிடிப்பு வராது, டென்ஷன் குறைவாகக் காட்டும். குமிழை ஏற்றினால் கொஞ்ச நாளைக்குச் சரியான மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம், தட்டுகளுக்கு நடுவே ஒரு சிறு பஞ்சுக் கொத்து சிக்கினால் தட்டு விலகி நின்று டென்ஷன் சுத்தமாக இல்லாமல் போகும், அல்லது அந்தக் கொத்திலேயே நூல் மாட்டி எகிறும். இரண்டும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்றுக் குழாயை வைத்து ஊதும்போது தூசி பறக்கிறதே தவிர போவதில்லை. எதிரே உள்ள டென்ஷனரில் போய் உட்காரும். தட்டைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பது மெதுவான வேலைதான், ஆனால் அதுதான் வேலை.

பீங்கான் கைடுகளில் நுண்ணிய வெட்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சை விரலில் சுருட்டி கைடின் உள்விளிம்பில் தடவுங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே வெட்டு. பீங்கான் ஆயிற்றே, தேயாது என்று நினைப்பவர்கள் பாலியெஸ்டர் கலந்த நூலைச் சில காலம் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம்.

மெழுகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னலுக்குப் போகும் பருத்தி நூலுக்கு மெழுகு பூசுவது, ஊசியில் வழுக்கிக்கொண்டு போவதற்காக. ஒழுங்காகப் பூசினால் உராய்வு கிட்டத்தட்ட பாதியாகும். மேலே சொன்ன பெருக்கல் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: உராய்வு 0.3-இலிருந்து 0.15-க்கு வந்தால், அரைச் சுற்று வளைவில் இரண்டரை மடங்கு என்பது 1.6 மடங்காக இறங்கிவிடும். அப்படியானால் மெழுகு பூசிய கோனும் பூசாத கோனும் ஒரே பின்னல் மிஷினில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னல்காரர் ஒருவரிடமிருந்து சில கோன்களில் மட்டும் நூல் அறுந்து துணியில் ஓட்டை விழுகிறது என்று புகார் வந்தது. வைண்டிங் டென்ஷன் அதிகம் என்று அவரே முடிவும் கட்டியிருந்தார். நல்ல வேளையாகக் கோனுக்குள் டிரம் எண் ஒட்டும் பழக்கம் எங்களிடம் இருந்தது. அந்த எண்களை வைத்துத் தேடியபோது, அத்தனை டிரம்மிலும் மெழுகு உருளை சுழலாமல் நின்றிருந்தது. நூல் மெழுகில் ஒரு கோடு வெட்டி, அந்தக் கோட்டுக்குள்ளேயே தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தது. வைண்டிங் மீட்டரில் டென்ஷன் சரியாகவே இருந்தது.

மெழுகைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. புது மெழுகு உருளையை எடைபோட்டு மாட்டுங்கள், ஒரு கோன் முடிந்ததும் திரும்ப எடைபோடுங்கள். ஒரு கிலோ நூலுக்கு ஒரு கிராம் அளவில் குறைந்திருந்தால் நல்லது. அரை கிராமுக்குக் கீழே போனால் பூச்சு போதாது. ஒன்றரை கிராமைத் தாண்டினால் அதுவும் கெடுதல்; அளவுக்கு மேல் போன மெழுகு தூளாக உதிர்ந்து உராய்வைத் திரும்ப ஏற்றும், பின்னல் ஊசியிலும் போய் அடைக்கும்.

மேலே டிரம்முக்கு வந்தால், கோனின் இறுக்கத்தில் நூல் டென்ஷனுக்கு எவ்வளவு பங்கோ, கோனை டிரம்மின் மேல் அழுத்தும் கிராடிலுக்கும் அவ்வளவு பங்கு. கோன் பெருக்கப் பெருக்க அதன் எடையும் சேர்ந்து அழுத்தும். எடையை ஈடுகட்டும் அமைப்பு ஒட்டிக்கொண்டு நின்றால் வெளி அடுக்குகள் இறுகி உள் அடுக்குகளை நசுக்கும். மூக்குப் பக்கம் உள்நூல் பிதுங்கி நிற்கும். இன்னொன்று, கோன் கூம்பு வடிவம், டிரம்மோ உருளை. இரண்டும் ஒரே வேகத்தில் உரசாமல் உருள்வது கோனின் ஒரு இடத்தில் மட்டும்தான். அடிப்பக்கம் நூலை வேகமாக இழுக்கும், மூக்குப் பக்கம் மெதுவாக. அதனால் ஒவ்வொரு குறுக்கோட்டத்திலும் டென்ஷன் ஏறி இறங்கத்தான் செய்யும். 5 டிகிரி 57 நிமிடக் கோனைவிட 9 டிகிரி 15 நிமிடக் கோனில் இந்த ஆட்டம் அதிகம். மீட்டர் முள் சீராக ஆடினால் கோளாறு என்று பயப்பட வேண்டாம். தாறுமாறாகக் குதித்தால் மட்டும் தேடுங்கள்.

கோனின் முகத்தைப் பார்த்தே சிலவற்றைச் சொல்லலாம். அடி மணி மாதிரி விரிந்திருந்தால் டென்ஷனோ கிராடில் அழுத்தமோ மிகை. அடியில் சுருக்கம் விழுந்தால் தளர்வு. அடியில் நூல் குறுக்கே தாவி விழுந்து வலை மாதிரி இருந்தால் தளர்வாகவும் இருக்கலாம், கோன் பிடிப்பான் ஆடுவதாகவும் இருக்கலாம், பெரும்பாலும் இரண்டாவதுதான். மேல்பரப்பில் நாடா மாதிரிப் பட்டை தெரிந்தால் அது டென்ஷனே இல்லை, டிரம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பட்டை விழாமல் தடுக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை என்று பொருள்.

சென்சார் வைத்த மிஷின்களில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. நூலின் டென்ஷனை டிரம்முக்குக் கீழே அளந்து, அதற்கேற்ப டென்ஷனரை அந்த நொடியே மாற்றும் அமைப்பு உண்மையிலேயே நல்லது. காப்பின் கடைசியில் எகிறுவதை அது பெருமளவு அடக்கும், வேகத்தைக் குறைக்காமலே ஓட்டவும் விடும். ஆனால் திரையில் எல்லா டிரம்மும் 25 என்று காட்டுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்சார் 25 வரும்வரை டென்ஷனரை மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் திரையில் 25 தான் காட்டும். சென்சாரில் பஞ்சோ மெழுகோ படிந்து பூஜ்யம் நகர்ந்திருந்தால் திரைக்குத் தெரியாது. கை மீட்டரை வைத்துப் பார்த்தபோது, திரையில் ஒரே எண் காட்டிய டிரம்முகளில் ஒன்றிரண்டு தனியாக விலகி நிற்பதைக் கண்டிருக்கிறேன். இந்த மிஷின்களில் திரையில் பார்க்க வேண்டியது டென்ஷன் எண் இல்லை, அந்த எண்ணைக் கொண்டுவர டென்ஷனர் எவ்வளவு அழுத்துகிறது என்பதை. மிஷின் அதைக் காட்டுமானால், மற்றவற்றைவிட மிக அதிகமாகவோ குறைவாகவோ அழுத்தும் டிரம்மில் ஏதோ இருக்கிறது.

டென்ஷனை வேண்டுமென்றே ஏற்றி வைப்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேலே இருந்த ஒருவர் அந்தக் கட்சி. நூலில் பலவீனமான இடம் இருந்தால் இங்கேயே அறுந்துவிடட்டும், தறியில் அறுவதைவிட இங்கே அறுவது நல்லதுதானே என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கிளியரர் இல்லாத காலத்தில் அதில் ஓரளவு அர்த்தமும் இருந்திருக்கலாம். இன்றைக்கு மெல்லிய இடத்தைக் கண்டுபிடித்து வெட்டக் கிளியரர் இருக்கிறது, அதன் எல்லையை நாமே வைக்கலாம். டென்ஷனை ஏற்றினால் பலவீனமான ஓர் இடத்தோடு சேர்த்து நல்ல நூல் முழுவதும் இழுபடுகிறது. பருத்தி நூலுக்கு மொத்த நீட்சியே ஐந்து ஆறு சதவீதம்தான். அதில் ஒரு பங்கை இங்கே பிடுங்கிவிட்டால் தறியில் ஒவ்வொரு உதறலுக்கும் தாங்கிக்கொள்ள நூலில் என்ன மிச்சம் இருக்கும்? மயிரிழையும் கூடும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு ஸ்ப்ளைஸ் (அறுந்த நுனிகளை முடிச்சில்லாமல் சேர்க்கும் ஒட்டு) என்பதால் ஸ்ப்ளைஸ் எண்ணிக்கையும் கூடும், அதுவும் நூலின் முழு வலுவுக்கு வராது. அவரிடம் வாதம் செய்து பயனில்லை என்று, ஒரே காப் வரிசையிலிருந்து இரண்டு டென்ஷனில் கோன் சுற்றி, இரண்டின் நீட்சியையும் மயிரிழையையும் சோதனைக்கூடத்தில் எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் குமிழ் கீழே வந்திருந்தது.

இரண்டு நூலைச் சேர்த்துச் சுற்றும் மிஷினில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ஒவ்வொரு நூலின் டென்ஷன் எவ்வளவு என்பதைவிட, இரண்டும் சமமா என்பதே எல்லாம். ஒன்று தளர்ந்து ஒன்று இறுகி முறுக்கு மிஷினுக்குப் போனால், இறுகியது நடுவில் நேராக நிற்க, தளர்ந்தது அதைச் சுற்றித் திருகாணி மாதிரி ஏறும். முறுக்கிய நூலில் ஒரு மீட்டர் வெட்டி, முறுக்கைப் பிரித்து, இரண்டு இழைகளையும் அருகருகே வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் டென்ஷனருக்குப் போங்கள். காப்போ கோனோ, ஒன்று புதிதாகவும் இன்னொன்று முடியும் தறுவாயிலும் இருந்தாலும் இதே கதைதான் நடக்கும். அதனால் அங்கே மட்டும் இரண்டையும் ஒன்றாக ஏற்றி ஒன்றாக மாற்றச் சொல்வேன்.

ஈரப்பதத்தைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் பல நேரம் முதலில் பார்க்க வேண்டியது அது. ஒரு மிஷினில் இல்லாமல் எல்லா மிஷினிலும் ஒரே நேரத்தில் அறுப்பு ஏறினால் டென்ஷனரை மறந்துவிட்டுச் சுவரில் இருக்கும் ஈரப்பதமானியைப் பாருங்கள். பருத்திக்கு 60 முதல் 65 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது 50-க்கு இறங்கியிருந்தால் நூல் வறண்டு, இழைகள் சிலிர்த்து நிற்கும், தூசி பறக்கும், வலுவும் குறையும். பருத்தி ஈரத்தில் வலுக்கூடும் இழை. இரவு ஷிப்டில் சரியாக ஓடி மதியத்தில் மோசமாகும் மிஷினுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இத்தனையும் பார்த்த பிறகும் டென்ஷனை மாற்றத்தான் வேண்டும் என்றால் தாராளமாக மாற்றுங்கள். மாற்றும்போது நோட்டில் குமிழ் எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள். கவுண்ட், வேகம், மெழுகு உண்டா இல்லையா, நடுக் காப்பில் மீட்டர் காட்டிய அளவு, முள்ளின் ஆட்டம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய மிஷினில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், புது மிஷினில் விறைப்பாக இருக்கும். ஒன்றில் 6 என்பது மற்றதில் 4 ஆகலாம். அடுத்த தடவை அதே கவுண்ட் வேறு மிஷினில் ஓடும்போது மீட்டர் அளவை வைத்துக் குமிழைத் தேடலாம், குமிழ் எண்ணை வைத்து டென்ஷனைத் தேட முடியாது. குமிழைப் பூட்டும் திருகு இருந்தால் பூட்டிவிட்டு, அந்தச் சாவியை ஷிப்ட் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.